கணினி கண்டுகொள்ளாத யூஎஸ்பி–சீரியல் பலகை: பழுதை எங்கிருந்து தேடுவது?

சொந்தமாக வடிவமைத்த யூஎஸ்பி–சீரியல் பலகையைக் கணினியில் செருகிய பிறகு எதுவும் நடக்கவில்லை என்றால், பலரும் உடனே சிப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பற்றவைக்கிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுகிறார்கள். இரண்டுமே இருட்டில் துழாவுவதற்குச் சமம். ‘கணினி அடையாளம் காணவில்லை’ என்பது ஒரே ஒரு பழுதின் பெயர் அன்று. மின்சாரம் வராதது, தரவுக் கம்பிகள் இடம் மாறியது, சிப்பின் கடிகாரம் ஓடாதது, டிரைவர் பொருந்தாதது ஆகிய அனைத்தையும் நாம் அந்த ஒரே வாக்கியத்தால்தான் குறிப்பிடுகிறோம். கணினியோ இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டுகிறது. அந்த வேறுபாட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டால், சால்டரிங் கருவியைச் சூடாக்கும் முன்பே பழுது இருக்கும் இடத்தைப் பெருமளவு குறுக்கிவிடலாம்.

பலகையில் நடக்கும் வேலை

மைக்ரோகன்ட்ரோலர், ஜிபிஎஸ் தொகுதி, மோடம் போன்றவை வெளியுலகுடன் பேசப் பயன்படுத்தும் எளிய வழி சீரியல் இணைப்பு. அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி, பொதுவாக ஒரு தரைக்கம்பி ஆகியவையே அதற்குப் போதும். மறுமுனையில் கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனுப்புபவர் அனுப்பிக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரே வேகத்துக்கு முன்கூட்டியே உடன்பட்டிருந்தால் போதும்.

யூஎஸ்பி இதற்கு நேர்மாறானது. கணினி கேட்டால் மட்டுமே சாதனம் பேசலாம். எந்தச் சாதனமும் முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு முகவரியைப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்க முடியும். எஃப்டி232ஆர்எல், சிபி2102, சிஎச்340ஜி போன்ற மாற்றிச் சிப்புகள் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் அமர்ந்து மொழிபெயர்க்கின்றன. நாம் தேடும் பழுது பெரும்பாலும் அறிமுகக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கிறது. சீரியல் பக்கம் முழுவதையும் வெட்டி எறிந்தாலும் யூஎஸ்பி பக்கம் சரியாக இருந்தால் கணினி அந்தச் சிப்பைக் காணும். ஆகவே முதல் நாள் தேடலில் அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் மறந்துவிடலாம்.

அறிமுகம் நடக்கும் வரிசை

செருகிய நொடியிலிருந்து நடப்பவை இவை:

1. கணினி 5 வோல்ட் மின்சாரத்தைத் தருகிறது. சிப் விழித்தெழுகிறது.

2. சிப் தன் இருப்பை அறிவிக்கிறது. கணினிப் பக்கத்தில் டி+, டி− ஆகிய இரு தரவுக் கம்பிகளும் தலா சுமார் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு இழுக்கப்பட்டிருக்கும். எதுவும் செருகப்படாதபோது இரண்டும் சுழியத்தில் நிற்கும். முழுவேகச் சாதனம், அதாவது நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் பேசுவது, 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூலம் டி+ கம்பியை 3.3 வோல்ட் பக்கம் இழுக்கிறது. நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசும் மெதுவேகச் சாதனம் டி− கம்பியை இழுக்கிறது. எந்தக் கம்பி உயர்கிறது என்பதைப் பார்த்தே வந்திருப்பது எந்த வகைச் சாதனம் என்று கணினி முடிவு செய்கிறது.

3. இணைப்பு நிலைப்படுவதற்காகக் கணினி குறைந்தது 100 மில்லி விநாடி பொறுத்திருந்து, பின்னர் இரு கம்பிகளையும் குறைந்தது 10 மில்லி விநாடி கீழே பிடித்து வைக்கிறது. இதுவே ரீசெட்.

4. அப்போது சாதனத்தின் முகவரி 0. கணினி அந்த முகவரிக்கு “நீ யார்?” என்ற கேள்வியை அனுப்புகிறது. விடையாக வர வேண்டியது டிவைஸ் டிஸ்கிரிப்டர் எனப்படும் 18 பைட் விவரக்குறிப்பு. தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் அதற்குள்தான் இருக்கின்றன. இதே கட்டத்தில் 1 முதல் 127 வரையிலான முகவரிகளில் ஒன்று சாதனத்துக்கு வழங்கப்படுகிறது.

5. அந்த எண்களுக்குப் பொருந்தும் டிரைவரை இயங்குதளம் தேடி ஏற்றுகிறது. அதன் பிறகே விண்டோஸில் ‘காம்’ போர்ட்டோ லினக்ஸில் ‘டிடிஒய் யூஎஸ்பி 0’ போன்ற கோப்போ தோன்றுகிறது.

இந்த ஐந்தும் படிக்கட்டு போல ஒன்றின் மேல் ஒன்றாக நிற்பவை. இரண்டாம் படியில் நின்றுபோன பலகைக்கு ஐந்தாம் படியின் மருந்தான டிரைவரைக் கொடுத்துப் பயனில்லை.

கணினியின் வாக்குமூலம்

தேடலை ஓர் எளிய ஒப்பீட்டுடன் தொடங்க வேண்டும். அதே கேபிளில், அதே போர்ட்டில், நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த வேறொரு யூஎஸ்பி சாதனத்தைச் செருகிப் பார்க்க வேண்டும். மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. வெளித்தோற்றத்தில் அவற்றுக்கும் மற்றவற்றுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது. ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஒரு நாளை இழப்பவர்கள் உண்டு.

அடுத்து, விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரையும், லினக்ஸ் என்றால் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையையும் திறந்து வைத்துக்கொண்டு பலகையைச் செருக வேண்டும். காணக் கிடைப்பது நான்கில் ஒன்றாக இருக்கும்: எந்த அசைவும் இல்லாத முழு மௌனம், ‘அறியப்படாத யூஎஸ்பி சாதனம்’ என்ற அறிவிப்பு, எண்கள் சரியாகத் தெரிந்தும் போர்ட் உருவாகாத நிலை, போர்ட் உருவாகியும் தரவு ஓடாத நிலை. இந்த நான்கில் நம் பலகை எதைக் காட்டுகிறது என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது.

முழு மௌனம்

கணினி எதையும் சொல்லவில்லை என்றால் அறிமுகம் இரண்டாம் படியைத் தாண்டவில்லை என்று பொருள். டி+ கம்பி உயரவே இல்லை, அல்லது உயர்ந்தது கணினியை எட்டவில்லை. இங்கே மல்டிமீட்டர் ஒன்றே போதும்.

முதலில் 5 வோல்ட்டை அளக்க வேண்டும். கனெக்டரில் அளப்பதைவிடச் சிப்பின் மின்முனையிலேயே முள்ளை வைத்து அளக்க வேண்டும்; இடையில் உள்ள ஃபியூஸ், மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் பீட், சரியாக ஒட்டாத சால்டர் ஆகிய ஏதேனும் ஒன்று பாதையை அறுத்திருக்கலாம். பிறகு சிப் தானே உருவாக்கும் 3.3 வோல்ட்டை அளக்க வேண்டும். எஃப்டி232ஆர்எல் சிப்பில் இது 17ஆம் முனையிலும், சிஎச்340ஜி சிப்பில் வி3 எனப்படும் 4ஆம் முனையிலும் கிடைக்கும். 5 வோல்ட் இருந்தும் 3.3 வோல்ட் இல்லையென்றால், சிப் திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கலாம், அல்லது அந்த முனை எங்கோ தரையுடன் ஒட்டியிருக்கலாம்.

மின்சாரம் சரி என்றால் கணினியோடு இணைத்தபடியே டி+ கம்பியை அளக்க வேண்டும். 1.5 கிலோ ஓம் மேலே இழுக்க, 15 கிலோ ஓம் கீழே இழுக்க, நடுவில் நிற்கும் மின்னழுத்தம் 3.3 பெருக்கல் 15 வகுத்தல் 16.5, அதாவது 3.0 வோல்ட். டி− கம்பியில் ஏறத்தாழச் சுழியம். மீட்டரில் இந்த இரு எண்களும் தெரிந்தால் சிப் உயிரோடு இருக்கிறது, தன் இருப்பை அறிவித்தும் இருக்கிறது. 3.0 வோல்ட்டுக்குப் பதிலாக 3.3 வோல்ட்டே தெரிந்தால் அதற்கும் ஒரு பொருள் உண்டு: கணினிப் பக்கத்தின் 15 கிலோ ஓம் அந்தக் கம்பியில் இல்லை. அதாவது சிப்புக்கும் கணினிக்கும் இடையில் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த வித்தியாசம், பழுது கனெக்டர் பக்கமா சிப் பக்கமா என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறது.

இரண்டு கம்பிகளுமே சுழியத்தில் இருந்தால், மின்சாரத்தை நீக்கிவிட்டு மீட்டரை டையோடு நிலைக்கு மாற்ற வேண்டும். சிவப்பு முள்ளைத் தரையிலும் கறுப்பு முள்ளை டி+, டி− முனைகளிலும் மாறி மாறி வைக்க வேண்டும். சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு காரணமாக இரண்டிலும் 0.5 முதல் 0.7 வோல்ட்டுக்குள் ஏறத்தாழ ஒரே அளவு தெரிய வேண்டும். ஒன்றில் அளவு தெரிந்து மற்றொன்றில் எதுவும் தெரியவில்லையென்றால், அந்த முனை பலகையில் ஒட்டவில்லை. கால்கள் வெளியே தெரியாத சிபி2102 போன்ற சிப்புகளில் லென்ஸால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பழுதை இந்த அளவீடு காட்டிக்கொடுக்கும். பலகையில் மின்பொறிப் பாதுகாப்புச் சிப் தனியாக இருந்தால் அதன் டையோடும் இதே அளவைக் காட்டும் என்பதால், அதைக் கழற்றிவிட்டே சோதிக்க வேண்டும்.

அந்தப் பாதுகாப்புச் சிப்பே பழுதுக்குக் காரணமாவதும் உண்டு. யூஎஸ்பிஎல்சி6 வகையில் தரை முனையும் 5 வோல்ட் முனையும் எதிரெதிரே நடுவில் அமைந்திருக்கின்றன. ஆறு கால் கொண்ட அந்தச் சிறு சிப்பை 180 பாகை திருப்பிப் பற்றவைத்தால், 5 வோல்ட் நேராக அதன் டையோடுகள் வழியே தரைக்கு ஓடும். சிப் சூடேறும், கணினியும் அந்தப் போர்ட்டை அணைத்துவிடக்கூடும். கனெக்டர் அருகே விரல் வைக்க முடியாத அளவு ஏதேனும் சுட்டால் உடனே பலகையைப் பிடுங்கிவிட்டு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சி வகைக் கனெக்டரின் தனிச் சிக்கல்

யூஎஸ்பி சி கனெக்டர் பொருத்திய பலகைகளில் மௌனத்துக்கு வேறொரு காரணம் உண்டு. சி–சி கேபிளில் கணினி உடனே 5 வோல்ட்டைத் தராது. மறுமுனையில் சிசி1, சிசி2 ஆகிய முனைகளில் தலா 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தரைக்கு இருப்பதைக் கண்ட பிறகே தரும். ஏ–சி கேபிளில் இந்தக் காத்திருப்பு இல்லை. பழைய வகைப் போர்ட் எப்போதும் 5 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். எனவே ஏ–சி கேபிளில் வேலை செய்து, சி–சி கேபிளில் உயிரற்றுக் கிடக்கும் பலகையில் அந்த ரெசிஸ்டர்கள் இல்லை, அல்லது தவறாக இணைக்கப்பட்டுள்ளன என்று துணிந்து சொல்லலாம். இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைப்பதும் தவறு. 2019இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 பலகையின் முதல் பதிப்பில் இதே தவறு நேர்ந்தது. அடையாளச் சிப் பொதிந்த கேபிள்கள் அந்தப் பலகைக்கு மின்சாரம் தர மறுத்தன.

பலகை ஒரு பக்கமாகச் செருகினால் வேலை செய்து, கேபிளைத் திருப்பிச் செருகினால் செய்யவில்லை என்றால் காரணம் வேறு. சி கனெக்டரில் டி+ இரண்டு இடங்களிலும் (ஏ6, பி6), டி− இரண்டு இடங்களிலும் (ஏ7, பி7) இருக்கின்றன. ஒரே பெயர் கொண்ட இரண்டையும் பலகையிலேயே இணைக்க வேண்டும்.

‘அறியப்படாத யூஎஸ்பி சாதனம்’

விண்டோஸ் 43ஆம் எண் பிழையைக் காட்டி, விவரக்குறிப்பைக் கேட்டது தோற்றுவிட்டது என்று சொன்னால், அது ஒரு வகையில் நல்ல செய்தி. ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்பது கணினிக்குத் தெரிந்துவிட்டது, கேள்வியும் கேட்டுவிட்டது, சரியான விடைதான் வரவில்லை. டிரைவர் என்ற பேச்சுக்கு இன்னும் இடமில்லை. லினக்ஸில் இதே நிலை −71 அல்லது −110 என்ற பிழை எண்ணாகத் தெரியும். முன்னது நெறிமுறைப் பிழை, பின்னது காலக்கெடு முடியும்வரை விடை வரவில்லை என்பதன் அடையாளம்.

இந்தக் கட்டத்தின் மிகப் பொதுவான பழுது டி+, டி− இரண்டும் இடம் மாறியிருப்பது. இது எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் நேரும். கனெக்டரின் படத்தை மேலிருந்து பார்த்து வரைந்தார்களா, செருகும் பக்கமிருந்து பார்த்து வரைந்தார்களா என்பதைக் கவனிக்காமல் விட்டாலே இரண்டும் இடம் மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்கும் வழி மேலே சொன்ன இரண்டாம் படியிலேயே இருக்கிறது. கம்பிகள் மாறியிருந்தால், முழுவேகச் சிப் உயர்த்தும் டி+ கணினியின் டி− முனையை அடையும். கணினியும் ‘மெதுவேகச் சாதனம் வந்திருக்கிறது’ என்றே நம்பி, நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசத் தொடங்கும். சிப்புக்கு அந்தப் பேச்சு புரியாது. லினக்ஸின் கெர்னல் செய்தியில் ‘நியூ ஃபுல்-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நியூ லோ-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்’ என்று வந்து, அதைத் தொடர்ந்து −71 பிழைகள் வரிசையாக வந்தால், வேறு எதையும் சந்தேகிக்கத் தேவையில்லை. மேற்சொன்ன சிப்புகள் எதுவும் மெதுவேகச் சாதனம் அன்று. ‘லோ’ என்ற அந்த ஒரு சொல், பலகையின் தடங்கள் (கம்பிபோலச் செயல்படும் செப்புக் கோடுகள்) இடம் மாறியிருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதற்காகப் பலகையைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. இரு தடங்களையும் கத்தியால் அறுத்து, எனாமல் பூசிய மெல்லிய கம்பியால் குறுக்காக இணைத்தால் போதும். இங்கே ஒரு பரவலான பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரவுத் தடங்கள் 90 ஓம் மின்மறுப்புடன் (இம்பீடன்ஸ்), இம்மியளவும் நீளம் பிசகாமல் இருந்தால்தான் யூஎஸ்பி வேலை செய்யும் என்று அஞ்சி, வடிவமைப்பு முழுவதையும் மாற்றத் தொடங்குகிறவர்கள் பலர். நொடிக்கு 480 மெகாபிட் வேகத்துக்கு அந்தக் கவனம் தேவைதான். முழுவேகத்தில் ஒரு பிட்டின் நீளம் சுமார் 83 நானோ விநாடி. சைகை ஏறி இறங்கவே 4 முதல் 20 நானோ விநாடி ஆகும். பலகையில் சைகை ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. ஐந்து சென்டிமீட்டர் தடத்தில் ஏற்படும் குறை இந்தக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. அத்தகைய சிறு பலகை அறிமுகத்திலேயே தோற்கிறதென்றால், தடத்தின் அகலத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் மற்ற அனைத்தையும் சோதித்து முடித்திருக்க வேண்டும்.

கெர்னல் செய்தி முழுவேகம் என்றே சொல்லியும் விவரக்குறிப்பு வராவிட்டால், பார்க்க வேண்டியவை:

1. கடிகாரம். முழுவேகச் சாதனத்தின் வேகம் 0.25 விழுக்காட்டுக்கு மேல் பிசகக் கூடாது. சிஎச்340ஜி சிப்புக்கு வெளியே, கடிகாரத் துடிப்பைத் தரும் 12 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கட்டாயம் வேண்டும். அதே போன்ற கால்களைக் கொண்ட சிஎச்340சி சிப்பில் கடிகாரம் உள்ளேயே இருப்பதால் அதற்குக் கிரிஸ்டல் வேண்டாம். சிஎச்340சி சிப்புக்காக வரைந்த பலகையில் சிஎச்340ஜி சிப்பைப் பொருத்தினால் சிப் எழும், ஆனால் பேசாது. ஆசிலாஸ்கோப்பால் சோதிக்கும்போது கிரிஸ்டலின் வெளியீட்டு முனையில் அளக்க வேண்டும். உள்ளீட்டு முனையில் முள்ளை வைத்தால், முள்ளின் சில பிகோ ஃபாரட் சுமையே அலைவை நிறுத்திவிடக்கூடும்.

2. எஃப்டி232ஆர்எல் சிப்பின் 26ஆம் முனை. ‘டெஸ்ட்’ என்று பெயர் கொண்ட இதைத் தரையுடன் இணைத்தே ஆக வேண்டும். பெயரைப் பார்த்து, தொழிற்சாலைச் சோதனைக்கானது போலும் என்று எண்ணி வெறுமனே விட்டுவிடுகிறார்கள். சிப் சோதனை நிலைக்குப் போய்க் கணினிக்கு விடை தராமல் நின்றுவிடுகிறது. சீரியல் முனைகளுக்கு மின்னழுத்தம் தரும் 4ஆம் முனையான விசிசிஐஓ மின்சாரமின்றி இருக்கக் கூடாது என்பதையும், 25ஆம் முனையும் தரைதான் என்பதையும் கூடவே சரிபார்க்க வேண்டும்.

3. 3.3 வோல்ட் முனையின் கெப்பாசிட்டர். எஃப்டி232ஆர்எல், சிஎச்340ஜி இரண்டிலும் அங்கே 100 நானோ ஃபாரட், முனைக்கு மிக அருகில் வேண்டும். அது இல்லாவிட்டால் மீட்டர் சரியான மின்னழுத்தத்தையே காட்டும், ஆனால் சிப் பேசத் தொடங்கும் கணத்தில் அது குலையும்.

4. சுமை. எஃப்டி232ஆர்எல் சிப்பின் 3.3 வோல்ட் முனை தரக்கூடியது 50 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதிலிருந்து வைஃபை தொகுதிக்கு மின்சாரம் எடுத்தால் சிப் தானே தடுமாறும். 5 வோல்ட்டில் பெரிய கெப்பாசிட்டர் வைப்பதும் உதவாது. செருகும் கணத்தில் கணினி காணும் கெப்பாசிட்டர் 10 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக் கூடாது என்பது யூஎஸ்பி 2.0 விதி. இணைந்து, துண்டித்து, மறுபடி இணையும் பலகையில் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும்.

எண்கள் தெரிந்தும் போர்ட் இல்லை

லினக்ஸின் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் எஃப்டி232ஆர்எல் சிப்புக்கு 0403:6001 என்ற எண்கள் தெரிந்துவிட்டால், பலகையின் யூஎஸ்பி பக்கம் தேறிவிட்டது. இனி மீட்டருக்கு வேலையில்லை. விண்டோஸில் 28ஆம் எண் பிழை வந்தால் டிரைவர் நிறுவப்படவில்லை என்றே பொருள். தயாரிப்பாளர் எண் 0403 என்று தெரிந்து, பொருள் எண் 0000 என்று வந்தால், சிப் போலியானதாக இருக்க வாய்ப்பு அதிகம். 2014 அக்டோபரில் விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக வந்த, எஃப்டி232ஆர்எல் சிப்பின் தயாரிப்பாளரான எஃப்டிடிஐயின் டிரைவர் போலிச் சிப்புகளின் பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. பிஎல்2303 என்ற மற்றொரு மாற்றிச் சிப்பில் 10ஆம் எண் பிழை தோன்றுவதற்கும் பெரும்பாலும் போலிச் சிப்போ, புதிய டிரைவர் கைவிட்ட பழைய பதிப்போதான் காரணம்.

லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 22.04இல் சிஎச்340 பலகை ஒரு கணம் போர்ட்டாகத் தோன்றி மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அதைத் தன் கருவி என்று எண்ணி எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்தக் கணினியில் பிரெயில் கருவி பயன்பாட்டில் இல்லையென்றால் நிரலை நீக்கலாம்.

போர்ட் இருந்தும் தரவு இல்லை

லினக்ஸில் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், பயனரை ‘டயல்-அவுட்’ குழுவில் சேர்த்து மீண்டும் உள்நுழைய வேண்டும். திறந்த பிறகும் எதுவும் வராவிட்டால், சீரியல் பக்கத்தில் இருக்கும் அனைத்தையும் பிரித்துவிட்டு, சிப்பின் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, வன்பொருள் கைகுலுக்கலை (தனிக் கம்பிகள் வழியாக அனுப்பலை நிறுத்தித் தொடரும் முறை) அணைத்து, டெர்மினலில் தட்டச்சு செய்ய வேண்டும். தட்டியவை அப்படியே திரும்பி வந்தால் மாற்றிச் சிப் முழுவதும் நலம். அனுப்பும் முனை எதிர்ச் சாதனத்தின் பெறும் முனைக்குச் செல்கிறதா, இரண்டு பக்கத்துக்கும் தரை ஒன்றா, 5 வோல்ட் சைகை 3.3 வோல்ட் சாதனத்துக்குள் போகிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். எழுத்துகள் குப்பையாக வந்தால் இரு பக்க வேகமும் ஒத்துப்போகவில்லை. கம்பி இணைத்தும் எதுவும் திரும்பாவிட்டால், அந்த இரு முனைகளின் சால்டரையும், எஃப்டி232ஆர்எல் என்றால் விசிசிஐஓ முனையின் மின்னழுத்தத்தையும் மறுபடி அளக்க வேண்டும். சீரியல் முனைகள் அனைத்தும் அந்த மின்னழுத்தத்தை நம்பியே இயங்குகின்றன.